சூடேற்றுகிறவன்

பெரிய மனிதர்களின் மோட்டாரை ஓட்டுகிறவருக்கு ‘ஷோபர்’ என்று ஒரு பெயர் உண்டு. அதைச் சொன்னவுடனேயே கஞ்சி போட்ட உடுப்பும், தலையில் தொப்பியும், பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் எஜமானரும் மனக்கண்ணில் வந்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் மூலப் பொருள் ‘சூடேற்றுகிறவன்’ என்பதுதான். நீராவி யந்திரத்துக்குக் கரி அள்ளிப் போட்டுக் கொதிகலனைக் காய்ச்சியவனுக்கு அந்தப் பெயர் இருந்தது. மோட்டார் வண்டி வந்ததும் அது இவன் தலையில் ஏறியது. பொருத்தமாகத்தான் ஏறியது. எப்படி என்கிறீர்களா?

1908-ம் ஆண்டில் ஹென்றி போர்டு தம்முடைய ‘மாடல் டி’ வண்டியை வெளியிட்டார். டெட்ராய்ட் நகரில் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து கல்லாகிவிடும். ஆகையால் இரவில் ரேடியேட்டரிலிருந்த தண்ணீரை வடித்துவிட்டு, காலையில் அடுப்பில் காய்ச்சிய வெந்நீரை ஊற்றுவார்கள். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்குவார்கள். பிறகு வண்டியின் முன்னால் நின்று, இரும்பு ஹாண்டிலைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். அந்த நாளில் பழைய லாரிகளுக்கு முன்னால் கிளீனர் பையன் நின்று ஹாண்டில் போடுவதை நம்மில் வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். அதே வேலைதான். ஆனால் விரலை மரக்க வைக்கும் குளிரில்.

வண்டிக்கு நாடி பிடித்துப் பார்த்தால் சீக்கு இன்னதென்று தெரியும். பெட்ரோல் திரவமாக இருந்தால் எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிரில் அது ஆவியாக மறுக்கிறது. அதற்காகத்தான் ‘சோக்’கை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெட்ரோலை அதிகமாக்குகிறோம். இரண்டாவது, எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி இறுகி, யந்திரத்தின் ஒவ்வோர் அங்கத்தையும் பிடித்துக் கொள்கிறது. ‘மாடல் டி’யில் இறுகிய எண்ணெய் கிளட்சையும் ஒட்ட வைத்துவிடும். யந்திரம் கிளம்பியவுடன் வண்டி தானாக நகர்ந்து, ஹாண்டில் போட்டவன் மேலேயே ஏற வரும்! சக்கரத்தைத் தூக்கி வைத்த காரணம் இப்போது புரிகிறதல்லவா?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. நெருப்புப் பொறி ஒரு கணம் முந்திப் பிறந்துவிட்டால், யந்திரம் எதிர்ப்பக்கமாக உதைக்கும். இரும்பு ஹாண்டில் மின்னல் வேகத்தில் திரும்பி வரும். அதனால்தான், “பொறியைத் தாமதமாக்கும் நெம்புகோலைத் தள்ளிவை, கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து வை, ஹாண்டிலைச் சுற்றி வளைக்காதே” என்று புதிதாகக் கற்பவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியும் மணிக்கட்டுகள் முறிந்தன. கட்டை விரல் பக்கமாக எலும்பின் நுனி பிளந்து போகும் அந்த முறிவுக்கு, வைத்தியர்கள் ‘ஷோபர் முறிவு’ என்றே பெயரிட்டுவிட்டார்கள்.

அதே 1908-ல், மோட்டார் தொழிலில் பெயர் பெற்றிருந்த பைரன் கார்ட்டர் காலமானார். வழியில் நின்றுபோன ஒரு பெண்மணியின் வண்டிக்கு உதவப் போனார் என்றும், ஹாண்டில் திருப்பி அடித்துத் தாடை முறிந்தது என்றும், அதுவே அவருக்கு எமனாயிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. காடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லீலண்ட் இதைக் கேட்டு நொந்து, ஹாண்டிலையே ஒழிக்க உறுதி கொண்டாராம். சொல்லுகிறவருக்குத் தக்கபடி கதையின் இடமும் விவரமும் மாறுகின்றன. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

வழி கண்டவர் சார்லஸ் கெட்டரிங். ஒஹையோ மாகாணத்து டேடன் நகரில், கடைகளில் பணம் போடும் கல்லா யந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தக் கல்லாவைக் கையால் சுற்றாமல் மின்சாரத்தால் இயக்க ஒரு சிறு மோட்டார் அமைத்திருந்தார். காரைக் கிளப்ப மின்சார மோட்டார் வைப்பதானால், அது கார் யந்திரம் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது நிபுணர்களின் எண்ணம். கெட்டரிங்குக்குக் கல்லா நினைவுக்கு வந்தது. நாள் முழுவதும் உழைக்க வேண்டிய மோட்டாருக்குத்தான் பெரிய உடம்பு தேவை; சில விநாடிகள் மட்டும் சக்திக்கு மீறி உழைத்துவிட்டு ஓய்ந்துவிடுவதற்குச் சிறு உடம்பு போதாதா? ஒரு கொட்டகையில் நண்பர்களோடு இராப்பகலாக உழைத்து, 1911-ன் தொடக்கத்தில் ஒரு காடிலாக் வண்டியைப் பொத்தானால் கிளப்பிக் காட்டினார். 1912-ம் ஆண்டு காடிலாக் வண்டிகள் அந்தச் சாதனத்தோடு வந்தன. நம் மெக்கானிக்குகள் ‘செல்ஃப்’ என்று செல்லமாக அழைப்பது அதைத்தான்.

‘மாடல் டி’க்கு மின்சார ஸ்டார்ட்டர் 1919-ல்தான் வந்தது. அதற்குள் போர்டின் மனைவி கிளாரா, ஹாண்டிலே வேண்டாத மின்சார வண்டி ஒன்றில் சுகமாகப் போய்வந்து கொண்டிருந்தார்! காடிலாக் வாங்கக் கூடியவர்களுக்கு முதலில் விடுதலை; மலிவு வண்டிக்காரர்களின் மணிக்கட்டுக்கு இன்னும் ஏழு வருஷம் சோதனை.

குளிரும் சும்மா போய்விடவில்லை. இடம் மாறிக் கொண்டது. ‘செல்ஃப்’புக்கு பாட்டரி வேண்டும், குளிரில் பாட்டரிக்குள் ரசாயன வேலை மந்தப்படுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் அதன் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆகவே குளிர்காலைச் சண்டித்தனத்துக்கு இன்றும் வைத்தியம் இப்படித்தான் தொடங்குகிறது: யந்திரம் முக்கி முனகிச் சுற்றினால், பாட்டரியையும் அதன் முனைகளையும் எண்ணெயையும் பார், விறுவிறுவென்று சுற்றியும் பிடிக்காவிட்டால், பெட்ரோலையும் பொறியையும் பார். எண்ணெய் டப்பாவில் ‘10டபிள்யூ-30’ என்று போட்டிருக்கிறதே, அந்த ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து.

கெட்டரிங்கின் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. கார்ட்டரின் மரணம் கதையாக நிற்கிறது. விடியுமுன் எழுந்து, பிறர் போவதற்காக வெந்நீர் சுமந்து, ஹாண்டிலைச் சுழற்றிக் கையொடிந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. ஆனால் ஹாண்டில் மறைந்த பின்பும், வழுக்கி விழுந்து அந்த இடத்தில் எலும்பு பிளந்தவரின் படத்தைப் பார்த்துவிட்டு, “ஷோபர் முறிவு” என்று இன்றைக்கும் எலும்பு வைத்தியர் எழுதுகிறார். சூடேற்றியவனுக்கு உலகம் கட்டிய ஞாபகச் சின்னம் அது ஒன்றுதான்.