சர்வாதிகாரம் பிறக்கும் வழி

வறுமையும் குழப்பமும் மிகுந்த காலங்களில், சபைகளால் ஆவதொன்றுமில்லை, வல்லவன் ஒருவன் வந்தால் யாவும் சீர்ப்படும் என்று ஜனங்கள் பேசுவது உலக வழக்கம். அப்பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜெர்மனி தேசத்தின் சரித்திரம் தெளிந்த சான்றாகும். ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதல் உலக யுத்தத்தில் தோல்வியுற்ற ஜெர்மனி, 1919-ம் வருஷத்தில் குடியரசுக்குரிய அரசியல் சட்டம் வகுத்துக்கொண்டது. 1923-ல் அந்நாட்டு நாணயமாகிய மார்க்கு அடியோடு மதிப்பிழந்தது. அவ்வருஷம் நவம்பரில் அமெரிக்க டாலர் ஒன்றுக்கு 4,20,000 கோடி மார்க்கு கொடுக்க வேண்டியதாயிற்று. நடுத்தரக் குடும்பத்தார் ஆயுள் முழுதும் சேர்த்த பொருள் ஒரு ரொட்டிக்கும் போதாமற் போயிற்று. அம்மாதத்திலேயே ஹிட்லர் மியூனிக் நகரில் கலகம் விளைத்துத் தோற்றுப் பின் சிறை புகுந்தார். குடியரசோ வீழவில்லை, புது நாணயம் வெளியிடப்பட்டு நிலைமை திருந்திற்று. 1928-ம் வருஷத் தேர்தலில் அவருடைய நாஜிக் கக்ஷிக்கு 12 ஸ்தானங்களே கிடைத்தன. வறுமை மாத்திரமே சர்வாதிகாரத்தைப் பெறுவதாயின், அது 1923-லேயே பிறந்திருக்க வேண்டுமன்றோ?

1929-ல் அமெரிக்காவில் மூண்ட வியாபார மந்தம் ஜெர்மனியையும் பற்றிற்று. 1932-ன் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை 60 லக்ஷத்தை எட்டியது. அதற்கு முன்னரே, வேலையற்றோர் இன்ஷூரன்ஸ் நிதிக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்னும் வழக்கில், 1930 மார்ச்சில் கூட்டு மந்திரிசபை கலைந்திருந்தது. பின் வந்த மந்திரிசபைகளுக்கு ஜனசபையில் பெரும்பான்மை இல்லை. ஆபத்துக் காலத்தில் குடியரசின் தலைவர் அவசர உத்தரவு பிறப்பிக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 48-வது விதி இடங்கொடுத்திருந்தது; அந்த விதிவிலக்கே நித்திய வழக்கமாயிற்று. 1932-ல் ஜனசபை நிறைவேற்றிய சட்டங்கள் 5; அவசர உத்தரவுகளோ ஐம்பதுக்கும் மேல். இவ்வாறு, சபையில்லாத ஆட்சிக்கு ஹிட்லர் வருமுன்னரே ஜனங்கள் பழகிவிட்டனர்.

எதிர்த்து நிற்க வேண்டிய சமூக ஜனநாயகரும் கம்யூனிஸ்டுகளும் தம்முட் பகைத்து நின்றனர். பழமைக் கக்ஷிப் பெரியோர், ஹிட்லரைத் தம் கைக்குள் அடக்கி வைக்கலாமெனக் கருதி, 1933 ஜனவரி 30-ல் அவர் சான்ஸலர் என்னும் பிரதம மந்திரியாக வழி செய்தனர். அம்மந்திரிசபையில் நாஜிகள் அவரையும் சேர்த்து மூவரே! பிப்ரவரி 27-ல் ஜனசபைக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே பேச்சுரிமையும் பத்திரிகை உரிமையும் பறிக்கப்பட்டன. மார்ச் 23-ல், கம்யூனிஸ்டு அங்கத்தினர் விலக்கப்பட்டிருந்த சபை, தன் சட்டமியற்றும் அதிகாரத்தை 444 வாக்குகளால் மந்திரிசபைக்கு ஈந்தது, மறுத்தவை 94. ஜூலையில் நாஜிக் கக்ஷியொன்றே சட்டப்படி எஞ்சியது.

அதே மந்தத்தில் அமெரிக்காவிலும் 1933-ல் தொழிலாளருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வேலையிழந்திருந்தனர். அங்கே ஆட்சி தேர்தலால் மாறிற்று, சபை நிலைத்தது. ஆகவே, இடர் விதையாயினும், சபையார் பிளவும் ஜனங்களின் சோர்வுமே அதற்கு நீரும் எருவும் என்பது வெளிப்படை.

வரவு சுருங்கி வழக்கு மிகும் நாட்களில், கூட்டமும் கணக்கும் எதற்கு, எல்லாவற்றையும் ஒருவரிடமே ஒப்புவித்துவிடுவோம் என்னும் குரல் நம்முடையது போன்ற சங்கங்களிலும் எழுவதுண்டு. அவர் நல்லவரேயாகலாம். எனினும் கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெறும் வழியை அடைத்துவிட்டுக் கொடுப்பது அறிவுடைமையன்று. சலிப்பு நேரினும் கூட்டத்துக்கு வருவதும், மாறுபட்டோர் சொல்லைப் பொறுத்துக் கேட்பதும் நம் கடமையென உணர்வோமாக.