சிவகாசி அச்சுப்படங்களில் பெண்ணழகு

விருதுநகர் மாவட்டம் சிவகாசியில் அச்சான தீப்பெட்டி லேபிள், பட்டாசு உறை, காலண்டர் ஆகியவை பெண்ணின் நிறம், முகவெட்டு, உடல்வாகு குறித்துத் தமிழ்நாட்டில் பரப்பிய இலக்கணத்தின் வரலாறு இது. காரியாபட்டி வட்டத்திலுள்ள மல்லாங்கிணறு போன்ற கரிசல் ஊர்களில், தொலைக்காட்சி வருவதற்கு வெகுகாலம் முன்பே விளம்பரம் வீட்டுக்குள் வந்துவிட்டது. நகைக்கடையும் ஜவுளிக்கடையும் மளிகைக்கடையும் இலவசமாகக் கொடுத்த காலண்டர்தான் அது. அடியில் கடைப் பெயர், மேலே லட்சுமி. பலர் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள். வேறெந்த விளம்பரத்துக்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் கல்லச்சு இயந்திரங்கள் ஊருக்குள் வந்தன. அந்த அச்சகங்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுத்தது காலண்டர். புதிய காலண்டர்களின் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது இன்றும் தொழில் வழக்கம்.

படத்தின் வேர் இன்னும் பழையது. ஓவியர் ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய தேவியரை மலிவான தாளில் வீடுதோறும் சேர்த்தார். தெற்கே அந்த இடத்தைப் பிடித்தவர் சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை தீட்டி, கோவில்பட்டியில் நிலைத்தவர். அவரும் சீடர்களும் வரைந்த தெய்வப் படங்களைச் சிவகாசி அச்சகங்கள் பெருவாரியாக அச்சிட்டன. உருண்ட முகம், அகன்ற கண், ரோஜா படிந்த கன்னம், நிறைந்த உடம்பு, கழுத்து மறையும் நகை: இதுதான் அந்த லட்சுமி. மெலிவுக்கு அங்கே மதிப்பில்லை.

நிறம்தான் கவனிக்க வேண்டிய இடம். கருவறையில் இருப்பது எண்ணெய் ஊறிய கருங்கல் அம்மன். மதுரை மீனாட்சி மரபுப்படி பச்சை மேனியள். கண்ணன் தாளில் நீலமானான். தெய்வத்துக்குப் பச்சையும் நீலமும் பொருந்தின. ஆனால் சோப்போ சேலையோ விற்க வந்த மானுடப் பெண்ணுக்கு மாநிறம்கூட எளிதில் வாய்க்கவில்லை. வெயிலில் களையெடுத்த பெண்களின் வீட்டுச் சுவரில் வெயிலே படாத ஒரு முகம் தொங்கியது.

பிறகு நடிகை வந்தாள். லக்ஸ் சோப்பு 1941இல் லீலா சிட்னிசை இந்தியாவின் முதல் நட்சத்திர முகமாக்கியது. காலண்டரும் பட்டாசு உறையும் அதே வழியில் நடிகையரின் சாயலை எடுத்துக்கொண்டன. மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கும் பெண்ணுக்கும் மத்தாப்புக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. பட்டாசு ஆலைகளில் பெரும்பகுதி கைவேலையைச் செய்பவர்களும் பெண்களே. உறையில் மட்டும் அவர்கள் இல்லை.

சிவப்பழகை நேரடியாகச் சரக்காக்கியது 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி கிரீம். தமிழ்நாட்டு நிறுவனமான கெவின்கேர் 1998இல் ஃபேரெவரைக் கொண்டுவந்தது. காலண்டர் லட்சுமி யாரையும் குறை சொன்னதில்லை. இந்தக் கிரீம்களின் தொலைக்காட்சி விளம்பரங்களோ கறுப்பாக இருந்தால் வேலையும் வரனும் கிடைக்காது என்றே கதை சொல்லின. 1994இல் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் உலக அளவிலான அழகிப் பட்டங்கள் வென்றபின் ஒல்லியும் இலக்கணத்தில் சேர்ந்தது. கொண்டைய ராஜுவின் நிறைந்த உடம்பு தெய்வத்துக்கு மட்டும் மிஞ்சியது.

எதிர்ப்பும் எழுந்தது. பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் சட்டம் 1986இல் வந்தாலும், அது ஆபாசத்தைப் பிடித்ததே தவிர நிற வெறியைத் தொடவில்லை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் போராட்டத்துக்குப் பின் 2003இல் ஃபேர் அண்ட் லவ்லியின் இரு விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. சென்னையில் கவிதா இம்மானுவேல் தொடங்கிய ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தை முன்னெடுத்தது. நடிகை நந்திதா தாஸ் அதில் இணைந்தார். கறுத்த நிறத்தவரைத் தாழ்ந்தவராகக் காட்டக்கூடாது என்று விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2014இல் விதித்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி ‘குளோ அண்ட் லவ்லி’ எனப் பெயர் மாறியது. இந்த விவாதங்கள் எல்லாம் தொலைக்காட்சியையும் கிரீமையும் சுற்றியே நடந்தன. கடைக்காரர் கொடுக்கும் காலண்டர் அவற்றில் பேசப்பட்டது அரிது.