கடல் கடந்த முதலாளிகளும் கோலசிலாங்கூர்த் தோட்டங்களும்

வேலை நடக்கும் இடம் ஒன்று, வேலை வாங்குவோர் இருக்கும் இடம் வேறு என்னும் ஏற்பாட்டை 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று தந்த புதுமையெனக் கருதுவோர் உளர். பணியிடத்தை மாற்றக் கோரித் தொழிலாளி எழுதினால் முதலாளி 60 நாளில் எழுத்தில் மறுமொழி தரவேண்டும் என மலேசியச் சட்டம் 2023 முதல் விதிக்கின்றது. ஆயினும் தொலைவிலிருந்து வேலை வாங்கும் முறை கோலசிலாங்கூர்த் தோட்டப்புறத் தமிழர்க்குப் பாட்டனார் காலத்தது.

1905இல் மலாயா வந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே, சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் கண்டார். 1917இல் தென்னமாரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனை நடவும் அவர் முயற்சியே. பெல்ஜியத்தவரான அட்ரியன் ஹாலேயின் முதலீடு அவருக்குத் துணைநின்றது. இலண்டன் கம்பெனிகளின் தோட்டங்களிலும் பங்குதாரர் மரத்தையும் கண்டதில்லை, மரம் சீவியவரையும் கண்டதில்லை.

பின் நிர்வாகம் எவ்வாறு நடந்தது? விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் பதிவார், பாலை நிறுப்பார். அக்கணக்குத் துரையிடமும், ஏஜென்சி நிறுவனத்திடமும், பின்பு கப்பலேறி இயக்குநர்களிடமும் செல்லும். ஆள் எத்தனை, பால் எத்தனை இராத்தல், செலவு என்ன என்பன தவறாமற் சென்றன. லயத்தில் குடிநீர் இல்லையென்றும், கங்காணி கைநீட்டினான் என்றும் எழுத அத்தாளில் பத்தி இல்லை. கங்காணியோ, தன் ஆட்கள் வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் தலைக்காசு பெற்றவன். அவர்தம் குறையை மேலே சொல்ல அவனுக்கு என்ன வந்தது?

எஞ்சியது மொழி ஒன்றே. துரைமார் தமிழ் கற்றனர் என்பது மெய். எத்தகைய தமிழ் என்பதே கேள்வி. சின்னத்துரைகளுக்கென 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் அச்சான கையேடொன்றின் பெயரே ‘இங்கே வா’. ஏவலொருமை இலக்கணத்தில் குற்றமன்று; நரைத்த தலையரை இளந்துரை அவ்வாறு விளித்ததே குற்றம். ஃபொக்கோனியே இவ்வகையிற் சேராதவர். 1930இல் கொன்கூர் பரிசு பெற்ற அவர் நாவலில் தமிழ்த் தொழிலாளர் மனிதராகவே நடமாடுகின்றனர்.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் மூண்டு பிற தோட்டங்களுக்கும் பரவியது. சீனர்க்கு நிகரான கூலி முதற் கோரிக்கை. கொடுமை செய்யும் அலுவலரை நீக்கித் தமிழ் கற்றோரை அமர்த்துக என்பதும், ஐரோப்பியர் எதிர்ப்படும்போது சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்பதும் அவற்றுடன் நின்றன. மாதக் கணக்கில் இவ்விரண்டுக்கும் பத்தி ஏது? கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, தொழிலாளர் சிலர் துப்பாக்கிக்கு இரையாயினர்.