ஆழ்கடல் வெந்நீர் ஊற்று நுண்ணுயிர்கள்

ஆழ்கடல் வெந்நீர் ஊற்று நுண்ணுயிர்கள் என்பவை கடலடி வெந்நீர் ஊற்றுக்களிலும் அவற்றைச் சுற்றியும் வாழும் பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் ஆகும். சூரிய ஒளி எட்டாத இவ்வாழத்தில், இவற்றுட் பல ஊற்று நீரில் கரைந்துள்ள வேதிப்பொருட்களில் இருந்து ஆற்றலைப் பெற்றுத் தமக்கான உணவைத் தாமே உருவாக்குகின்றன. இது வேதித்தொகுப்பு எனப்படும். ஊற்றைச் சூழ்ந்து வாழும் விலங்குகளின் உணவுச் சங்கிலிக்கு இவையே அடிப்படை.

கண்டுபிடிப்பு

1977 ஆம் ஆண்டில் ஆல்வின் என்னும் நீர்மூழ்கியில் சென்ற ஆய்வாளர்கள், கலாபகசுத் தீவுகளுக்கு அருகே ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் இத்தகைய ஊற்றுக்களைக் கண்டனர். 1979 இல் கிழக்குப் பசிபிக் முகட்டில், 350 பாகை செல்சியசு அளவிலான நீரை உமிழும் கரும்புகைப்போக்கிகள் கண்டறியப்பட்டன. மிகுந்த அழுத்தம் காரணமாக இந்நீர் கொதிப்பதில்லை.

பல்வகைமை

புகைப்போக்கியின் உள்ளே 300 பாகைக்கு மேற்பட்ட நீர் ஓட, வெளியே ஏறத்தாழ 2 பாகையில் கடல்நீர் உள்ளது. இடையிலுள்ள சுவரின் சில சென்டிமீட்டர் தடிப்புக்குள் வெப்பநிலையும் வேதியியலும் பெரிதும் மாறுவதால், அதன் ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் வாழ்கின்றன.

* ஆக்சிசன் இல்லாத வெப்பப் பகுதிகளில், ஐதரசனையும் கார்பனீரொட்சைட்டையும் கொண்டு மீத்தேனை உருவாக்கும் ஆர்க்கியாக்கள் உள்ளன. இவற்றுள் ஒன்றான மெத்தனோபைரசு காண்டிலரியின் ஒரு வகை, இந்தியப் பெருங்கடலின் நடு முகட்டில் இருந்து பெறப்பட்டது. உயர் அழுத்தத்தில் இது 122 பாகையிலும் வளர்வதாக 2008 இல் அறிவிக்கப்பட்டது.
* ஊற்று நீரும் கடல்நீரும் கலக்கும் இடங்களில், ஐதரசன் சல்பைடை ஆக்சிசனேற்றம் செய்யும் பாக்டீரியாக்கள் மிகுந்துள்ளன.

பாறை வகையும் நுண்ணுயிர்களைத் தீர்மானிக்கிறது. 2000 ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கில் கண்டறியப்பட்ட 'லாஸ்ட் சிட்டி' ஊற்றுக்களின் நீர் காரத்தன்மை கொண்டது. ஐதரசனும் மீத்தேனும் செறிந்தது. அங்கு மீத்தேன் சார்ந்த ஆர்க்கியாக்கள் மேலோங்கியுள்ளன.

கூட்டுயிர் வாழ்வு

இராட்சதக் குழாய்ப்புழுவுக்கு வாயும் குடலும் இல்லை. அதன் உடலினுள் வாழும் சல்பைடு பாக்டீரியாக்களே அதற்கு உணவளிக்கின்றன என்பதற்கான சான்றுகளைக் கொலீன் கவனாவும் பிறரும் 1981 இல் வெளியிட்டனர். புழுவின் குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஆக்சிசனையும் சல்பைடையும் பாக்டீரியாக்களுக்கு எடுத்துச் செல்கிறது.

சூரியனுடனான தொடர்பு

ஊற்றுச் சமூகங்கள் சூரியனை முற்றிலும் சாராதவை என்னும் கருத்து பரவலாக உள்ளது. ஆனால் சல்பைடு பாக்டீரியாக்கள் பயன்படுத்தும் ஆக்சிசன், கடலின் மேற்பரப்பிலும் நிலத்திலும் நிகழும் ஒளிச்சேர்க்கையால் உருவானது. எனவே அவையும் அவற்றைச் சார்ந்த குழாய்ப்புழுக்களும் மறைமுகமாகச் சூரியனைச் சார்ந்தவை. ஐதரசனையும் கார்பனீரொட்சைட்டையும் மட்டும் கொண்டு மீத்தேன் உருவாக்கும் ஆர்க்கியாக்களுக்கு ஆக்சிசன் தேவையில்லை. இதனாலேயே புவியில் உயிரின் தோற்றம் பற்றிய ஆய்வுகளிலும், வேற்றுலக உயிர் பற்றிய ஆய்வுகளிலும் இவை சிறப்பிடம் பெறுகின்றன.