நிற்கும் காரும் வடியும் பற்றரியும்

2022 ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் விநியோகிக்கப்படும் என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தபோது, தனியார் கார்களில் பெரும்பாலானவை வீட்டு முற்றங்களில் அசைவற்று நின்றன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 2020 மார்ச் 20 ஆம் திகதி தொடங்கிய ஊரடங்கின்போதும் இதுவே நடந்தது. கொழும்பில் அந்த ஊரடங்கு மே மாதக் கடைசி வாரம் வரை நீடித்தது. இரு தடவைகளிலும் நாடு கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். கியூஆர் முறையில் காருக்கு வாராந்தம் 20 லீற்றர் பெற்றோல் கிடைத்தபின், வண்டியை எடுக்கலாம் என்று திறப்பைத் திருகியவர்கள் பலருக்கு 'டிக், டிக்' என்ற ஓசை மட்டுமே பதிலாகக் கிடைத்தது. தாங்கியில் எரிபொருள் இருந்தது. பற்றரியில் உயிர் இருக்கவில்லை. ரூபாயின் பெறுமதி ஏறத்தாழ பாதியாகச் சரிந்திருந்த அந்த ஆண்டில் புதிய பற்றரி ஒன்று வாங்குவது எத்தகைய சுமை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஊரில் தனித்து வாழும் முதிய பெற்றோருக்கு இது சுமை மட்டுமன்று. அவர்களுடைய கார் வாரக்கணக்கில் நிற்பது நள்ளிரவில் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்காகத்தான். அந்த ஒருமுறை அது கிளம்பாவிட்டால் அதை வைத்திருந்து பயன் என்ன? ஆகவே புலம்பெயர்ந்த பிள்ளைகள் 'பற்றரி சார்ஜர்' ஒன்றை வாங்கி அனுப்ப விரும்புவது இயல்பே. ஆனால் எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை காண, கார் எப்படிப் பற்றரிக்கு அடிமையானது என்ற கதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தவருக்கு இந்தக் கதையின் ஓர் அத்தியாயம் மனப்பாடம். 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்த பின்னர் குடாநாட்டுக்கு மின்சாரமும் நின்றது, பெற்றோலும் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரிகளும் அடங்கும். அப்போது தெருவில் ஓடியவை ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்கள். சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கியபடி அவை ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியை இயக்கி பிபிசி தமிழோசையைக் கேட்ட காலம் அது. பற்றரிக்கு மின்னேற்ற வீட்டு மின்சாரம் இல்லாத ஊரில் கார் எப்படி ஓடியது என்று இன்றைய இளைஞர் கேட்கக்கூடும். அந்தக் கார்களின் முன்புறத்தில் ஒரு துளை இருந்தது. அதில் இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுழற்றலாம். ஸ்டார்ட்டரைச் சுழற்ற வலுவற்ற பற்றரிகூட, தீப்பொறிக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தைத் தந்துவிடும். அதுவும் முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். ஓடத் தொடங்கினால் காரின் சொந்த டைனமோ மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மோட்டார் கார் பிறந்தபோது பற்றரியின் தயவு அதற்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஈய அமிலப் பற்றரி காரைவிட மூத்தது. பிரெஞ்சு பௌதிகவியலாளர் காஸ்தோன் பிளாந்தே 1859 இல் இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீள மீள மின்னேற்றக்கூடிய முதல் மின்கலத்தை உருவாக்கினார். 1881 இல் கமீய் ஃபோர் தகடுகளின் மீது ஈய ஒட்சைட்டுப் பசையைப் பூசி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். நம் கார்களில் இன்றும் இருப்பது சாராம்சத்தில் இதுவே. நூற்று அறுபது ஆண்டுகளைக் கடந்தும் அடிப்படை மாறாத இயந்திரப் பாகங்கள் உலகில் அதிகம் இல்லை. ஆயினும் ஃபோர்டின் புகழ்பெற்ற 'மொடல் ரி' காருக்கு அதன் ஆரம்ப ஆண்டுகளில் பற்றரி கட்டாயமாக இருக்கவில்லை. தீப்பொறியைச் சுழல் சில்லுடன் இணைந்த காந்த மின்னாக்கி தந்தது. கிளப்புவதற்கு மனிதக் கை இருந்தது. அந்தக் கம்பி திடீரெனப் பின்னோக்கி உதைத்துப் பெருவிரலையும் மணிக்கட்டையும் முறித்த சம்பவங்கள் ஏராளம்.

அந்த உதைக்கு முடிவுகட்டியவர் சார்ள்ஸ் கெற்றரிங். அவர் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912 ஆம் ஆண்டுக்கான கடிலக் கார்களில் பொருத்தப்பட்டது. கை முறியும் ஆபத்து நீங்கியது. பெண்களும் முதியவர்களும் பிறர் உதவியின்றிக் காரைக் கிளப்ப முடிந்தது. அதேவேளை காரின் விதி ஒரு பெட்டிக்குள் இருந்த ஈயத்துக்கும் அமிலத்துக்கும் எழுதிக்கொடுக்கப்பட்டது. பின்வந்த தலைமுறைகளில் கம்பி செருகும் துளையும் மறைந்தது. தன்னியக்க கியர் வந்தபின் தள்ளிக் கிளப்பும் வழியும் அடைபட்டது. நம் வீதிகளில் நிறைந்திருக்கும் ஜப்பானிய ஹைபிரிட் கார்களின் நிலை இன்னும் விசித்திரமானது. இயந்திரத்தைச் சுழற்றுவதற்கு நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட பெரிய பற்றரி அவற்றுள் பலவற்றில் இருக்கிறது. ஆனால் கணினியை விழிக்கச் செய்யும் 12 வோல்ற் சிறு பற்றரி செத்துவிட்டால் அந்தப் பெரிய பற்றரிக்குக் கதவே திறக்காது.

நிற்கும் காரின் பற்றரி ஏன் வடிகிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, பற்றரி தன்னுள்ளேயே மெதுவாக வடிகிறது. வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் இந்த வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. யாழ்ப்பாணத்து வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் கார் இதற்கு நல்ல இரை. மற்றையது, பூட்டிய காரும் தூங்குவதில்லை. எச்சரிக்கை மணி, திறப்பைத் தேடும் வாங்கி, கணினிகள் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி அம்பியர் வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 50 மில்லி அம்பியர் என்றால் நாளொன்றுக்கு 1.2 அம்பியர் மணி. 45 அம்பியர் மணி கொண்ட பற்றரி பத்தொன்பது நாட்களுக்குள் பாதியாகிவிடும். பாதி வடிந்த நிலையில் அது நிற்க நிற்க, தகடுகளில் படிந்த ஈய சல்பேற்று கடினமான பெரும் பளிங்குகளாக மாறுகிறது. பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் அவை முழுமையாகக் கரைவதில்லை. நிற்கும் பற்றரி சாவது பெரும்பாலும் இவ்வாறுதான்.

இதைத் தடுக்கும் கலையை முதலில் பழகியவர்கள் கார்க்காரர்கள் அல்லர், தொலைபேசிக்காரர்கள். ஊரெல்லாம் மின்வெட்டு நடக்கும்போதும் பழைய கம்பித் தொலைபேசி பேசியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொலைபேசி நிலையத்தின் பின்னறையில் வரிசை வரிசையாக நின்ற ஈயப் பற்றரிகளே அதற்குக் காரணம். அவை எப்போதாவது ஒருமுறை நிரப்பப்பட்டவை அல்ல. தாமாக வடியும் அளவை மட்டும் ஈடுசெய்யும் வகையில், நிதானமாகக் கட்டுப்படுத்திய ஒரு மின்னழுத்தத்தில் எந்நேரமும் இணைக்கப்பட்டிருந்தன. 'மிதவை மின்னேற்றம்' என்பது இதுவே. அந்தத் துறை செய்த இன்னொரு கொடையும் உண்டு. தகட்டின் ஈயத்தை வலுவூட்ட அந்திமனி சேர்ப்பது பழைய வழக்கம். அதுவே பற்றரி தானாக வடிவதை விரைவுபடுத்தியது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹேரிங், தோமஸ் ஆகியோர் 1935 இல் அந்திமனிக்குப் பதிலாகக் கல்சியம் சேர்த்த ஈயத்தைப் பற்றி எழுதினர். நாற்பது ஆண்டுகள் கழித்தே அந்தக் கலவை 'தண்ணீர் ஊற்றத் தேவையில்லை' என்ற விளம்பரத்துடன் கார்ப் பற்றரிகளுக்குள் பரவலாக நுழைந்தது.

கார்க்காரர்களோ நீண்டகாலம் முரட்டு வழியிலேயே சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரக் கார் வைத்திருந்த செல்வந்தர் வீடுகளில் பாதரச வில் சீராக்கிகள் நீல ஒளி வீசின. 1916 அளவில் ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனம் 'துங்கார்' என்ற குமிழைக் கொண்டுவந்தது. உள்ளே இருந்த தங்ஸ்தன், ஆர்கன் இரண்டின் பெயரையும் சேர்த்துக் கட்டிய பெயர் அது. அதன்பின் செலனியம் சீராக்கியும், பின்னர் சிலிக்கனும் வந்தன. ஆனால் உருமாற்றி ஒன்றும் சீராக்கி ஒன்றும் மட்டும் கொண்ட கனத்த பெட்டிக்குப் பற்றரி நிரம்பியதா என்று தெரியாது. ஊர்க் கராச்களில் நாம் கண்டது அதைத்தான். இரவு முழுவதும் விட்டுவைத்தால் மின்னழுத்தம் 15 வோல்ற்றையும் தாண்டும். அமிலத்திலுள்ள நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து போகும். தகடுகள் அரிக்கும். 'சொட்டுச் சொட்டாகத்தானே ஏற்றுகிறது, கிடக்கட்டும்' என்று வாரக்கணக்கில் விடப்பட்ட பற்றரி வடிந்து சாகாமல் வரண்டு செத்தது.

கணினிச் சில்லு மலிந்தபின்தான் தொலைபேசி நிலையத்தின் நிதானம் வீட்டுக் கராச்சுக்கு வந்தது. சுவீடனில் 1997 இல் தொடங்கப்பட்ட சிரெக் போன்ற நிறுவனங்கள் உள்ளங்கையளவு கருவிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இவை முதலில் 14.4 வோல்ற் அளவுவரை ஏற்றும். பற்றரி உள்வாங்கும் மின்னோட்டம் குறைவதைக் கவனித்து, தாமாகவே 13.6 வோல்ற் அளவுக்கு இறங்கி அங்கேயே காத்து நிற்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது இந்த இறக்கத்தையே. 'தன்னியக்கம்' என்ற சொல் அட்டைப்பெட்டியில் இருந்தால் போதாது. மிதவை மின்னழுத்தம் எத்தனை வோல்ற் என்று கையேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாத கருவியை நான் வாங்கமாட்டேன்.

அம்பியர் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. நிரம்பிய பற்றரியைக் காத்துவைக்க ஓர் அம்பியரே தாராளம். பாதி வடிந்ததை ஓரிரவில் மீட்டெடுக்கவும் வேண்டுமென்றால் நான்கு, ஐந்து அம்பியர் கருவி நல்லது. காசுக்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். சல்பேற்றைக் கரைத்து இறந்த பற்றரியை எழுப்பும் என்ற விளம்பரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். தொடக்க நிலைப் படிவைத் தவிர வேறெதையும் அது கரைக்காது. பற்றரியின் வகையையும் பார்த்தே வாங்க வேண்டும். பிரியஸ் போன்ற கார்களில் இருப்பது கண்ணாடி இழைப் பாயில் அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும் அடைத்த பற்றரி. அதற்குரிய தெரிவு கருவியில் இருக்க வேண்டும்.

இனி வெப்பம். மேற்கு நாட்டுக் கடைகளில் கிடைக்கும் கருவிகள் சிலவற்றில் பனித்துகள் அடையாளமிட்ட ஒரு பொத்தான் உண்டு. அது மின்னழுத்தத்தை 14.7 வோல்ற்றுக்கு உயர்த்தும். ரொறன்ரோவில் தை மாதத்தில் சாதாரணப் பற்றரிக்கும் அது தேவை. யாழ்ப்பாணத்தில் அதே பொத்தான் சாதாரணப் பற்றரியை வேகவைக்கும். 25 பாகையில் 13.6 வோல்ற் சரியென்றால், 35 பாகையில் 13.4 போதும். உறைகுளிரில் 14 க்கு மேல் வேண்டும். ஆகவே வெப்பநிலையை அறிந்து தானே சரிசெய்யும் கருவிக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது வீணன்று. கனடாவிலிருந்து அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கு விற்பவற்றில் பல 120 வோல்ற்றுக்கு மட்டுமே உரியவை. நம் நாட்டு 230 வோல்ற் சுவரில் செருகிய கணமே கருகிவிடும்.

கருவி வாங்க வசதியில்லாதவர் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைக்கலாம். காரின் உறிஞ்சல் நிற்கும், தானாக வடிவது மட்டும் தொடரும். வாரம் ஒருமுறை முற்றத்திலேயே பத்து நிமிடம் இயக்கி நிறுத்தும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பற்றரியின் கடைசிப் பகுதி நிரம்ப மணிக்கணக்கு ஆகும் என்பதால் பெற்றோல் எரிவதைத் தவிர அதில் பெரிய பயன் இல்லை. இணைக்கும்போது சிவப்புப் பிடியை நேர்முனையிலும், கறுப்புப் பிடியைப் பற்றரியிலிருந்து தள்ளிக் காரின் உலோக உடலிலும் மாட்டி, அதன்பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். பற்றரிக்கு மேலே ஐதரசன் இருக்கக்கூடும்.

சார்ஜருக்குக் காசு கொடுக்குமுன் சிறிய மின்னழுத்தமானி ஒன்றால் பற்றரியைச் சோதித்துப் பாருங்கள். முழுமையாக நிரப்பி, கம்பிகளைக் கழற்றி, ஓரிரவு விட்டபின் 12.6 வோல்ற் காட்டினால் அது காக்கத் தகுந்தது. மறுநாளே 12.2 க்கு இறங்கியிருந்தால் வாங்க வேண்டியது சார்ஜர் அல்ல, புதிய பற்றரி.