குடுமியான்மலைக் கல்லில் ஓர் இசைநூல்

புதுக்கோட்டைச் சீமையிலுள்ள குடுமியான்மலையில், மேலைக்கோயில் என்னும் குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவிலே, ஏழு இராகங்களுக்குரிய ஸ்வரக் கோவைகளை 1,200 ஆண்டுகளுக்கு முன்னரே கிரந்த லிபியில் பொறித்துவைத்த கல்வெட்டொன்று உண்டு. உருத்திராசாரியரின் சீடனும் பரம மாகேசுவரனுமான ஓர் அரசன் மாணாக்கர் ஹிதத்தின் பொருட்டு இதைச் செய்வித்தான் என்கிறது அதன் இறுதி வாசகம். அவன் மகேந்திரவர்ம பல்லவனே என்று பலர் எழுதியிருப்பினும், கல் சொல்லாத பெயரை நாம் சூட்டுவது எனக்கு உசிதமாகப் படவில்லை.

ஊரார் யாவரும் படித்து ரஸிக்கவேண்டுமென்ற எண்ணம் அவனுக்கு இருந்திருக்க நியாயமில்லை. இசை பயிலும் சிலருக்காகவே இத்தனை உளியும் உழைத்திருக்கிறது. விளங்கிக்கொண்டோர் தொகையே மதிப்பின் அளவுகோலென்றால், அது அன்றைக்கே விருதா வேலைதான். ஒவ்வொரு ஸ்வரமும் அ, இ, உ, எ என்ற நான்கு உயிரொலிகளோடு மாறிமாறி வருவதன் தாத்பரியத்தில், கல்வெட்டு அச்சேறி வெகுகாலமாகியும், பண்டிதர்கள் இன்னும் ஒருமைப்படவில்லை.