எந்திரன் எத்திணை?

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில் கெல்லி மாளிகை நிற்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி சிமித் 1915-இல் தொடங்கிய அக்கட்டடம், 1926-இல் அவர் இறந்தபின் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. அதைக் கட்டியவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பலர். அவர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் அருகில் உள்ளது. அறிவியல் புனைகதைச் சொற்களைப் பற்றிய உரையை இங்கிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் அம்மாளிகையின் சுவர்கள் உயர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் 'ரோபோ' என்னும் சொல் பிறந்தது. அதன் வேரில் இருப்பது எந்திரம் அன்று, கட்டாய உழைப்பு.

செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட 'ஆர்.யூ.ஆர்.' நாடகம் 1921-இல் பிராகு நகரில் மேடையேறியது. தொழிற்சாலையில் செய்யப்படும் உழைப்பாளிகளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. உழைப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'லாபோரி' எனப் பெயரிட எண்ணிய சாப்பெக்கிற்கு, ஓவியரான அண்ணன் யோசெப் 'ரோபோட்டி' என்னும் சொல்லை எடுத்துக்கொடுத்தார். செக் மொழியில் 'ரொபோட்டா' என்பது குடியானவன் நிலக்கிழாருக்குக் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய வேலை. ஆப்சுபர்க் பேரரசில் அம்முறை 1848-இல்தான் ஒழிந்தது. நாடகம் பார்க்க வந்தோருள் பலருடைய பாட்டன் பூட்டன் அவ்வேலையைச் செய்திருக்கக்கூடும்.

இதற்கு நேரான சொல் நம்மிடம் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்பது ஊதியமில்லாக் கட்டாய வேலையைக் குறிக்கும். இன்று நாம் 'வெட்டி வேலை' என்று பயனற்றதைச் சொல்கிறோம். அச்சொல்லின் பழைய சுமை நினைவில் இல்லை. ரோபோவுக்கும் அதுவே நேர்ந்தது.

இன்னொன்றையும் நோக்க வேண்டும். சாப்பெக்கின் ரோபோக்களுக்குப் பற்சக்கரமும் கம்பியும் இல்லை. அவை வேதிப்பொருளால் ஆக்கப்பட்ட தசையுடல்கள், பார்வைக்கு மனிதரே. இரும்பு உடல் பின்னாளில் ஏறியது. 1940-களில் ஐசக் அசிமோவ் அச்சொல்லிலிருந்து 'ரோபோட்டிக்ஸ்' என ஒரு துறைப்பெயரையே ஆக்கியபோது ரோபோ முழுமையாகப் பொறியாளர் கைப்பொருளாகிவிட்டது.

தமிழுக்குள் அது வந்தது அந்த இரும்பு உடலோடுதான். 'இயந்திர மனிதன்' என்றோம், 'எந்திரன்' என்றோம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இந்நாட்டு வாசகரிடையேயும் இச்சொற்குடும்பத்தைப் பரப்பியது. 2010-இல் 'எந்திரன்' திரைப்படம் குழந்தைகள் வாய்வரை கொண்டுசென்றது. எந்திரம் நமக்குப் புதுச்சொல் அன்று. கரும்பு பிழியும் ஆலையை ஐங்குறுநூறு அப்பெயரால் சுட்டுகிறது. ஆகவே மொழியாக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் உழைப்பு என்னும் பொருள் அதில் இல்லாமற்போயிற்று.

போனது ஒரு வாயிலால் திரும்பியும் வந்தது. அந்த வாயில் இலக்கணம். 'எந்திரன்' என்றவுடன் 'அன்' விகுதி அதனை உயர்திணை ஆண்பாலாக்கிவிடுகிறது. 'எந்திரன் பேசினான்' என்கிறோம். 'ரோபோ பேசியது' என்கிறோம். ஆங்கிலத்தில் வினைமுற்று திணை காட்டாது; எழுதுவோர் இவ்வினாவைக் கடந்துபோய்விடலாம். தமிழில் வாக்கியம் முடிவதற்குள் விடை சொல்லியாக வேண்டும்.

தொல்காப்பியக் கிளவியாக்கம் இவ்விடத்தில் நமக்கு உதவுகிறது. மக்களைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களின் பட்டியலொன்று அதில் உண்டு. குழவி, விருந்து, அரசு ஆகியவற்றோடு 'அடிமை'யும் அதில் இடம்பெறுகிறது. அரசும் அங்கே இருப்பதால் இதனை இகழ்ச்சி என்று கொள்ளலாகாது. பண்போ நிலையோ ஆளைக் குறிக்க நிற்கும்போது நிகழும் இலக்கண நடப்பு அது. எனினும் சாப்பெக் எழுப்பிய வினா இதுவே: உழைப்பு ஒன்றற்காகவே ஆக்கப்பட்ட ஒருவன் மக்களுள் சேர்வானா?

பால்மரத் தோட்டங்களில் அவ்வினா வேறு உருவில் இருந்தது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938 வரை நீடித்தது. வேலைக்கு ஈடாகக் கொடுக்கும் பொருளே கூலி. அச்சொல் மனிதனுக்கே பெயரானது. ஆங்கிலத்தார் வழங்கிய அப்பெயர் தமிழிலிருந்து சென்றதா, குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. எவ்வாறாயினும், செக் நாட்டில் வேலையின் பெயர் பொறிக்கு ஏறியது. இங்கே கூலியின் பெயர் ஆளுக்கு ஏறியது.

அத்தோட்ட மக்கள் சொல்லாக்கத்தில் நம்மைவிடத் துணிவுடையவர்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் 'பரேடு' அவர்கள் வாயில் 'பெரட்டு' ஆயிற்று. வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' 'லயம்' ஆயிற்று. மொழிபெயர்க்கவில்லை, கேட்டதைத் தமிழோசைக்குள் கொண்டுவந்தார்கள். பெரட்டு என்னும் போது அந்தக் களமும் இருட்டும் உடன் வருகின்றன. 'காலை அணிவகுப்பு' என்றால் வாரா.

ஆகவே 'ரோபோ' என்பதை அவ்வாறே எழுதலாம் என்பது நம் கருத்து. அது அயற்சொல்தான், ஆனால் ரொபோட்டாவின் வேர் அதில் அறுபடாமல் இருக்கிறது. வினைமுற்றைப் பொறுத்தவரை, 'ரோபோ பேசினான்' என ஒரு மாணவன் கதையில் எழுதினால் உடனே சிவப்பு மையை எடுக்காமல், அவனை அப்படி எழுதவைத்தது எது என்று ஆசிரியர் கேட்டறியலாம்.